சிவப்புத் தாள்: கடலூர்ப் பள்ளி ஒன்றில் நடந்த ஐ.நா. பொதுச் செயலாளர் தேர்வு – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடலூர் நகரில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆண்டுதோறும் அக்டோபர் 24 அன்று ஐ.நா. நாள் கொண்டாடுவார்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு மாணவி மைக்கைப் பிடித்து, ட்ரிக்வே லீ தொடங்கி அன்டோனியோ குட்டெரெஸ் வரை ஒன்பது பொதுச் செயலாளர்களின் பெயரையும் நாட்டையும் ஆண்டையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். கைதட்டல் முடிந்ததும் முதல் பாடவேளை மணி அடித்துவிடும். ஐ.நா. நாள் அத்தோடு சரி.

2023-ல் அக்டோபர் 24 விஜயதசமியாக வந்து, பள்ளிக்கு விடுமுறை ஆகிவிட்டது. ஒப்பிக்கும் வேலை இல்லாமல் போன அந்த ஆண்டு, பிளஸ் ஒன் வகுப்புக்கு அரசியல் அறிவியல் எடுக்கும் ஆசிரியை வேறொன்றைச் செய்து பார்க்க நினைத்தார். பெயர்ப் பட்டியலை விட்டுவிட்டு, அந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்பதை மாணவர்களே நாடுகளாக நடித்து நடத்திப் பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். புதுச்சேரியில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கும் அவருடைய கல்லூரித் தோழர், தன் வகுப்பிலிருந்து ஒரு குழுவை அழைத்து வருவதாகச் சொன்னார். நடுவே இருப்பது இருபது கிலோமீட்டர் சொச்சமும் ஆல்பேட்டை சோதனைச் சாவடியும்தான். நாடுகளுக்கான குறிப்புத் தாள்களைத் தயாரித்துக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. இரண்டு அமர்வுகளிலும் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன்.

தொடக்கத்தில் கண்டது

அமர்வுக்கு முந்தைய வாரம் இரண்டு கேள்விகளைக் கொடுத்து, பெயர் எழுதாமல் பதில் எழுதச் சொன்னோம். பொதுச் செயலாளரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஒரு போரை நிறுத்தச் சொல்லி அவரால் உத்தரவு போட முடியுமா?

முதல் கேள்விக்கு "193 நாடுகளும் ஓட்டுப் போட்டு" என்ற பதில்தான் அதிகம். "அமெரிக்க அதிபர்" என்று சிலரும், "உலக மக்கள்" என்று ஒருவரும் எழுதியிருந்தார்கள். இரண்டாவது கேள்விக்கு ஏறக்குறைய எல்லோருமே "முடியும்" என்றார்கள். "முடியும், ஆனால் கேட்க மாட்டார்கள்" என்று ஒரு தாளில் இருந்தது. அந்தத் தாளை ஆசிரியை தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்.

ஐ.நா. என்றால் என்ன ஞாபகம் வருகிறது என்று வாய்மொழியாகக் கேட்டபோது, தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் ஒரு மாணவன், "சுனாமியப்ப தண்ணி டேங்க் குடுத்தவங்கன்னு ஆயா சொல்லும் மிஸ்" என்றான். அவன் குறிப்பிட்டது ஐ.நா.வின் குழந்தைகள் நல அமைப்பான யுனிசெப். 2004-ல் அவன் பிறக்கவே இல்லை. வகுப்பில் ஐ.நா.வைப் பற்றி யாருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த செய்தி அது ஒன்றுதான். அவனும் அந்த டேங்க்கையும் நியூயார்க்கில் உட்கார்ந்திருக்கும் பொதுச் செயலாளரையும் சேர்த்துப் பார்த்ததில்லை.

வரலாற்றுப் பகுதியில் இன்னொரு குழப்பமும் தெரிந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு 1920-ல் ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய பன்னாட்டுச் சங்கத்தையும், 1945-ல் தொடங்கிய ஐ.நா.வையும், பெயர் மாற்றிக்கொண்ட ஒரே அமைப்பு என்று பலர் நினைத்திருந்தார்கள்.

அமர்வுக்கு முன் எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது என்பது. பாடநூல் பெரும் போர்களில் தொடங்குகிறது. ஆசிரியை கடலூரிலும் புதுச்சேரியிலும் தொடங்கினார். 1945 ஜூன் 26 அன்று சான்பிரான்சிஸ்கோவில் 50 நாடுகள் சாசனத்தில் கையெழுத்திட்டன. போலந்து பின்னால் கையெழுத்திட, தொடக்க உறுப்பினர்கள் 51 ஆனார்கள். இந்தியாவுக்கு அப்போது சுதந்திரம் கிடைக்கவில்லை. ஆனாலும் அது தொடக்க உறுப்பினர். இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கிக் கையெழுத்திட்டவர் நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவரான ஆற்காடு இராமசாமி முதலியார். அடுத்த ஆண்டு ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவரும் அவரே. கடலூர் அன்று தென்னாற்காடு மாவட்டத் தலைநகர். ஆக, ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவின் பெயரால் இந்த ஊர் ஐ.நா.வுக்குள் போய்விட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதுச்சேரி பிரான்சிடம் இருந்தது. ஐ.நா. பாதுகாப்புச் சபையில் நிரந்தர இடமுள்ள ஐந்து நாடுகளில் ஒன்றின் ஆட்சிப் பகுதியாக அது உள்ளே போனது. 1946 டிசம்பரில் தன்னாட்சி பெறாத பகுதிகள் என்று, எல்லா உறுப்பு நாடுகளும் உட்காரும் பொதுச்சபை குறித்துக்கொண்ட பட்டியலில், பிரான்சின் பெயருக்குக் கீழே இந்தியாவிலிருந்த பிரெஞ்சுப் பகுதிகளும் இருந்தன. இதைக் கேட்டதும் புதுச்சேரி மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சில நாட்களுக்கு முன்புதான் நவம்பர் 1, விடுதலை நாள் விடுமுறையை அனுபவித்திருந்தார்கள். எதிலிருந்து விடுதலை என்பது அந்தப் பட்டியலோடு சேர்ந்துதான் அவர்களுக்கு விளங்கியது.

இரண்டாவது முடிவு, ஒன்பது பேரையும் சொல்லித் தராமல் சிலரை மட்டும் எடுப்பது. நார்வேக்காரர் லீயை 1950-ல் இரண்டாம் முறை நியமிக்க சோவியத் ஒன்றியம் மறுத்தது. கொரியப் போரில் அவர் எடுத்த நிலைப்பாட்டின் மேல் அதற்குக் கோபம். பாதுகாப்புச் சபை முடிவெடுக்க முடியாமல் போகவே, பொதுச்சபை அவர் பதவியை மூன்று ஆண்டுக்கு நீட்டித்தது. சோவியத் தரப்பு அதன் பிறகு அவரைக் கண்டுகொள்ளவே இல்லை; 1952-ல் விலகல் கடிதம் கொடுத்தார். அடுத்து வந்த சுவீடன் நாட்டு ஹாமர்ஷீல்டை, சத்தம் போடாத நிர்வாகி என்று நினைத்துத்தான் வல்லரசுகள் ஒப்புக்கொண்டன. அவர் 1955-ல் பீகிங்குக்கே (இன்றைய பெய்ஜிங்) போய் அமெரிக்க விமானப்படையினரை விடுவிக்கப் பேசினார். 1956-ல் சூயஸ் நெருக்கடியில் முதல் ஐ.நா. அவசரப் படையை அமைத்தார். காங்கோ விவகாரத்தில் சமரசம் பேசப் போகும் வழியில், 1961 செப்டம்பரில் இன்றைய சாம்பியாவில் உள்ள எண்டோலா அருகே விமானம் விழுந்து இறந்தார். அவருக்குப் பின் வந்த ஊ தாண்ட் பர்மாவில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர் என்று சொன்னபோது வகுப்பில் ஒரு சலசலப்பு. ஆசிரியைக்குக் கொஞ்சம் பெருமைதான், மறைக்கவில்லை.

மூன்றாவது முடிவுதான் பின்னால் சிக்கலுக்கு மூலமானது. நடிப்பில் உண்மையான விதிகளை அப்படியே வைத்துக்கொள்வது என்பது அது. சாசனத்தின் 97-வது பிரிவுப்படி, பாதுகாப்புச் சபையின் பரிந்துரையின் பேரில் பொதுச்சபை பொதுச் செயலாளரை நியமிக்கிறது. பாதுகாப்புச் சபையில் 15 இடங்கள். பரிந்துரைக்கு 9 வாக்குகள் வேண்டும். ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் (அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ்) ஒருவர் எதிர்த்தாலும் முடிந்தது; வீட்டோ என்பது இந்தத் தடை அதிகாரம்தான். ஒரே ஒரு பெயரைத்தான் அனுப்ப வேண்டும் என்பது 1946-லிருந்து வரும் வழக்கம். அதற்கு முன் ரகசியமாகச் சோதனை வாக்கெடுப்பு நடக்கும். ஒவ்வொரு வேட்பாளருக்கும் "ஊக்குவிக்கிறேன்", "ஊக்குவிக்கவில்லை", "கருத்தில்லை" என்று மூன்றில் ஒன்றைக் குறிப்பார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் நிரந்தர உறுப்பினர்களுக்குச் சிவப்புத் தாள், மற்றவர்களுக்கு வெள்ளை. யார் என்று தெரியாது. தடை எந்த வரிசையிலிருந்து வருகிறது என்பது மட்டும் தெரிந்துவிடும். நாங்களும் முதல் இரண்டு சுற்றுக்கு எல்லோருக்கும் வெள்ளை, மூன்றாவதிலிருந்து ஐவருக்குச் சிவப்பு என்று வைத்துக்கொண்டோம்.

வேட்பாளர்கள் கற்பனை ஆட்கள், நான்கு பேர்: கிழக்கு ஐரோப்பிய நாடொன்றின் முன்னாள் வெளியுறவு அமைச்சர், ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அகதிகள் நல அதிகாரி, ஆசிய நாட்டு முன்னாள் பிரதமர், லத்தீன் அமெரிக்கப் பொருளாதார அறிஞர். நிரந்தர உறுப்பினர் நாட்டிலிருந்து யாரும் இல்லை. உண்மையிலும் ஒன்பது பேரில் ஒருவர்கூட அப்படி இல்லை. பன்னாட்டுச் சங்கத்தில் இது தலைகீழ். அங்கே முதல் பொதுச் செயலாளர் பிரிட்டன்காரரான எரிக் டிரம்மண்ட், இரண்டாமவர் பிரெஞ்சுக்காரரான ஜோசப் அவெனோல். வேட்பாளர்களில் வெளியுறவு அமைச்சரையும் பொருளாதார அறிஞரையும் பெண்களாக வைத்தோம். இதுவரை ஒரு பெண்ணும் அந்தப் பதவிக்கு வந்ததில்லை, கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் யாரும் வந்ததில்லை என்பதை மாணவர்கள் தாங்களாகவே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டோம்.

நாடுகளைச் சீட்டுக் குலுக்கித்தான் பிரித்தோம், ஒன்றைத் தவிர. பிரான்ஸ் எங்களுக்குத்தான் என்று புதுச்சேரிக் குழு ஒரே பிடிவாதம். கொடுத்துவிட்டோம். பிரான்சாக உட்கார்ந்த மாணவனின் தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கியவராம். பையனுக்கு பிரெஞ்சில் வணக்கம் சொல்வதைத் தாண்டி ஒன்றும் தெரியாது.

முதல் அமர்வு

தீபாவளிக்கு முந்தைய வாரம், மதியத்துக்கு மேல், பள்ளியின் ஆய்வகக் கூடத்தில் நடந்தது. வேட்பாளர்கள் நால்வரும் பேசி, கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். 2016-ல்தான் உண்மையான வேட்பாளர்கள் முதல் தடவையாகப் பொதுச்சபையில் எல்லோர் முன்னிலையிலும் கேள்விகளை எதிர்கொண்டார்கள். அதற்கு முன்பெல்லாம் கதவுக்குப் பின்னால்தான்.

வெளியுறவு அமைச்சராக நடித்த மாணவி பிரமாதமாகப் பேசினாள். முதல் வெள்ளைச் சுற்றில் அவளுக்கு ஊக்குவிக்கிறேன் 12, இரண்டாவதில் 13. பொருளாதார அறிஞருக்கு முதல் சுற்றில் 8, எதிர்ப்பு 1, மீதி கருத்தில்லை. மற்ற இருவரும் அதற்கும் கீழே. அமைச்சர்தான் என்று முடிவாகிவிட்டதுபோல் கூடமே அவளைக் கைகுலுக்கியது.

மூன்றாவது சுற்றில் சிவப்புத் தாள் வந்தது. அமைச்சருக்கு எதிராக ஒரு சிவப்பு.

"யாருடா அந்தச் சிவப்பு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். எல்லோரும் சீனாவாக இருந்த மாணவியைப் பார்த்தார்கள். அவள் குறிப்புத் தாளில் 1981 பற்றிய பத்தி இருந்ததை அவளே முன்பு வாசித்துக் காட்டியிருந்தாள். அந்த ஆண்டு ஆஸ்திரியாவின் குர்ட் வால்தைம் மூன்றாம் முறை கேட்டபோது, சீனா 16 தடவை தடுத்தது. மறுபக்கம் தான்சானியாவின் சலிம் அகமது சலிமை அமெரிக்கா விடவில்லை. கடைசியில் இருவரும் ஒதுங்க, பெருவின் பெரஸ் டி குயெயார் வந்தார். அவள் "நான் இல்ல, சத்தியமா நான் இல்ல" என்றாள். நான்காவது சுற்றிலும் அதே சிவப்பு.

தேநீர் இடைவேளையில் பிரான்ஸ் ஒப்புக்கொண்டான். அவன் குறிப்பில் நான் எழுதியிருந்த ஒரு வரி: பொதுச் செயலாளருக்கு பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும் என்பதில் பிரான்ஸ் உறுதியாக இருக்கும். பான் கி மூன் பதவிக்கு வருவதற்காக பிரெஞ்சு படித்ததையும் சேர்த்திருந்தேன். கேள்வி நேரத்தில் அமைச்சர், "எனக்கு பிரெஞ்சு தெரியாது, மொழிபெயர்ப்பாளர் போதும்" என்று சொல்லிவிட்டாள்.

"பிரெஞ்சு தெரியலன்னு ஒரு ஆளயே வேணாம்னுவியா? ஒனக்கே தெரியாதேடா" என்று அவன் மேல் பாய்ந்தது அவனுடைய சொந்தப் பள்ளிக்காரி.

"எனக்குத் தெரியலன்னா என்ன, பிரான்சுக்குத் தெரியும்ல" என்றான் அவன். அந்த மாலையில் ஐ.நா.வைப் பற்றி வந்த தெளிவான வாக்கியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டோவை எடுக்கச் சொன்ன கடிதம்

இடைவேளை முடிவதற்குள் நோட்டுத் தாளில் ஒரு கடிதம் தயாராகிவிட்டது. வீட்டோவை நீக்கிவிட்டு மெஜாரிட்டியை வைத்து முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டு, கூடத்தில் பாதிக்கு மேல் கையெழுத்து. அமைச்சருக்கு 13 பேர் ஆதரவு இருக்கும்போது ஒரு பையன் நிறுத்துவது அநியாயம் என்பதுதான் வாதம். ஒரு மாணவன், "எங்க ஊர்ப் பஞ்சாயத்துலகூட நாட்டார் எல்லாரையும் கேட்டுட்டுத்தான் மிஸ் முடிவு சொல்லுவாங்க" என்றான்.

இங்கே ஆசிரியர்கள் இருவருக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. புதுச்சேரி ஆசிரியர், பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள், ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், இந்த ஒருமுறை மெஜாரிட்டியை ஏற்று ஒரு முடிவு காட்டிவிடலாம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முடிவு இல்லாமல் கலைகிற நிகழ்ச்சியைப் பிள்ளைகள் வீட்டில் என்னவென்று சொல்வார்கள்? கடலூர் ஆசிரியை ஒப்பவில்லை. "விதிய நாம மாத்திக் குடுத்துட்டா, 1996 ஏன் நடந்துச்சுன்னு அதுங்களுக்கு என்னைக்கும் புரியாது சார்" என்றார். 1996-ல் எகிப்தின் பூத்ரோஸ் காலிக்கு இரண்டாம் முறைக்கு 15-ல் 14 வாக்கு விழுந்தும், அமெரிக்காவின் ஒரே எதிர்ப்பால் போனது. அந்த இடத்துக்குத்தான் கானாவின் கோஃபி அன்னான் வந்தார்.

கடைசியில் ஒரு நடுவழி கண்டார்கள். வீட்டோவை நீக்க வேண்டுமானால் அதையும் சாசனப்படி செய்யட்டும். 108-வது பிரிவுப்படி, திருத்தத்துக்குப் பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். பிறகு மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் அதை ஏற்புறுதி செய்ய வேண்டும். நிரந்தர உறுப்பினர் ஐவரும் அதில் இருந்தாக வேண்டும். கூடத்திலிருந்த எல்லோரும் பொதுச்சபை ஆனார்கள். முதல் படி சுலபமாகத் தாண்டியது, ஆரவாரம் வேறு. பிறகு ஐவரிடம் தாள் போனது. மூன்று பேர் கையெழுத்திட்டார்கள். சீனா யோசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ரஷ்யா எழுந்து நின்றான்.

ரஷ்யா வாசித்தது

அவன் கையிலிருந்த குறிப்பில் 1961 டிசம்பர் 18 இருந்தது. கோவாவுக்குள் இந்தியப் படை நுழைந்ததும் போர்த்துகல் பாதுகாப்புச் சபையில் முறையிட்டது. சண்டையை நிறுத்தி இந்தியா படையைத் திரும்பப் பெற வேண்டும் என்று அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி சேர்ந்து தீர்மானம் கொண்டுவந்தன. அப்போது சபையில் 11 இடங்கள்தான். தேவை 7 வாக்கு. தீர்மானத்துக்கு விழுந்ததும் 7. எதிர்த்த நால்வரில் இலங்கையும் ஒன்று, சோவியத் ஒன்றியமும் ஒன்று. சோவியத் எதிர்ப்பு வீட்டோ ஆனதால்தான் தீர்மானம் தோற்றது.

"மெஜாரிட்டி இருந்திருந்தா நம்ம மேல தீர்மானம் பாஸ் ஆயிருக்கும்" என்று சொல்லி உட்கார்ந்தான்.

கூடம் சற்று நேரம் பேசவில்லை. புதுச்சேரி ஆசிரியர் அப்போது ஒன்றைச் சேர்த்தார். அந்தத் தீர்மானத்தில் பெயர் போட்ட பிரான்ஸ், புதுச்சேரியை 1954 நவம்பரிலேயே இந்தியாவிடம் ஒப்படைத்துவிட்டது. 1956-ல் ஒப்பந்தமும் கையெழுத்தானது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தந்து, சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. கோவா தீர்மானம் வந்த அன்று, சட்டத்தின் கண்ணில் புதுச்சேரி இன்னும் பிரான்சுடையதுதான். பிரான்சாக உட்கார்ந்திருந்த பையன், "அப்ப நான் எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டான். சிரிப்பு அடங்கவே நேரமானது.

அதற்குப் பிறகுதான் விவாதம் சூடுபிடித்தது. 1971-ல் வங்கதேசப் போரின்போது சண்டை நிறுத்தத் தீர்மானங்களை சோவியத் வீட்டோ தடுத்ததும் இந்தியாவுக்குச் சாதகம் என்று ஒருவன். பிறந்த வங்கதேசம் ஐ.நா.வில் சேர வந்தபோது 1972-ல் சீனாவின் வீட்டோதானே தடுத்தது, 1974 வரை காத்திருந்தார்களே என்று ஒருத்தி. "நமக்கு ஒதவுனா நல்ல வீட்டோ, ஒதவலன்னா கெட்ட வீட்டோவா?" என்று தேவனாம்பட்டினத்துப் பையன் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஆசிரியையும் சொல்லவில்லை, வேண்டுமென்றேதான். முடிவு எட்டாமலே அன்றைய அமர்வு கலைந்தது. பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள்.

தீபாவளியும் மழையும்

இரண்டாம் அமர்வை அடுத்த வாரமே வைக்கத் திட்டம். தீபாவளி வந்தது, அது முடிந்த கையோடு வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது, ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார். நவம்பரில் கடலூரில் ஒரு நிகழ்ச்சிக்குத் தேதி குறிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. தேதி தள்ளிப்போனது.

இந்த இடைவெளியை நாங்கள் திட்டமிடவில்லை. ஆனால் நிகழ்ச்சியின் முக்கியமான பகுதி அதில்தான் நடந்தது. பெற்றோர் போனில் வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கி, நாடுகள் தங்களுக்குள் பேரம் பேச ஆரம்பித்துவிட்டன. அமைச்சர் பிரான்சிடம் போய், பிரெஞ்சு படிக்கிறேன், தடையை விடு என்று கேட்டிருக்கிறாள். அது மட்டும் போதாது, அமைதிப்படையைக் கவனிக்கும் துறையை எங்கள் ஆளுக்குக் கொடுக்க வேண்டும் என்று பிரான்ஸ் கேட்டிருக்கிறான். இதை நாங்கள் யாரும் சொல்லித் தரவில்லை. உண்மையில் அமைதிப்படைத் துறையின் தலைமை 1997 முதல் தொடர்ந்து பிரெஞ்சுக்காரர்களிடமே இருக்கிறது என்று பின்னால் சொன்னபோது, பையன் நம்ப மறுத்தான்.

அந்தப் பேரம் படிந்தது. படிந்த செய்தி கசிந்ததும் ரஷ்யா முறுக்கிக்கொண்டான். அமைச்சரின் நாடு அமெரிக்கா இருக்கும் ராணுவக் கூட்டணியான நேட்டோவில் இருப்பதாக அவளுடைய குறிப்பிலேயே இருந்தது. பிரான்சுக்கும் அவளுக்கும் ரகசிய ஒப்பந்தம் என்றால் எனக்கு என்ன என்பது அவன் கேள்வி.

ஒரு சங்கடமும் இதில் வந்தது. இரவு பத்து மணிக்கும் போனில் என்ன "ரஷ்யா, சைனா" என்று ஒரு தாயார் பள்ளிக்கு வந்து கேட்டார். ஆசிரியை அவரை உட்கார வைத்து நடந்ததைச் சொன்னார். அவர் அரைமனதோடு போனார். மறுநாளிலிருந்து இரவு எட்டு மணிக்கு மேல் பேச்சு கூடாது என்று விதி வந்தது.

இரண்டாம் அமர்வு

மழை விட்டபின் நடந்த இரண்டாம் அமர்வு சுருக்கமாகவே முடிந்தது. சிவப்புச் சுற்றில் அமைச்சருக்கு ஒரு எதிர்ப்பு. இந்தமுறை ரஷ்யா மறைக்கவே இல்லை. அகதிகள் நல அதிகாரிக்கு இரண்டு சிவப்பு. ஆசியப் பிரதமர் தானாகவே விலகினார். 2006-ல் சசி தரூருக்கு நடந்தது அந்த மாணவனுக்குத் தெரிந்திருந்தது: கடைசிச் சோதனை வாக்கெடுப்பில் 10 ஆதரவு கிடைத்தும், மூன்று எதிர்ப்பில் ஒன்று நிரந்தர உறுப்பினருடையது என்றதும் தரூர் ஒதுங்கினார், பான் கி மூன் வந்தார். "அசிங்கப்படறதுக்கு முன்னாடி நாமளே போயிடலாம் மிஸ்" என்றான்.

மிஞ்சியவர் லத்தீன் அமெரிக்கப் பொருளாதார அறிஞர். யாரோடும் சண்டை போடாதவள், யாருக்கும் பெரிதாக வாக்குக் கொடுக்காதவள். கடைசிச் சுற்றில் ஆதரவு 11, கருத்தில்லை 4, எதிர்ப்பு இல்லை. பொதுச்சபை கைதட்டி ஏற்றது. கைதட்டலில் உற்சாகம் கம்மி. அமைச்சராக நடித்தவள் கண் கலங்கிவிட்டாள். அவள்தான் நன்றாகப் பேசினாள் என்பதில் கூடத்தில் ஒருவருக்கும் சந்தேகமில்லை.

தேர்வானவளுக்கு ஒரு கற்பனைச் சிக்கல் கொடுத்தோம்: இரண்டு நாடுகள் எல்லையில் படை குவிக்கின்றன, என்ன செய்வாய்? அவள் முதலில் கேட்டது, "என்கிட்ட ஆர்மி இருக்கா மிஸ்?" இல்லை, அமைதிப்படை உறுப்பு நாடுகள் அனுப்பும் வீரர்களைக் கொண்டது, அதையும் பாதுகாப்புச் சபைதான் அனுப்ப முடிவு செய்யும். "அப்ப என்னதான் இருக்கு?" அப்போதுதான் 99-வது பிரிவைக் கொடுத்தோம். உலக அமைதிக்கு ஆபத்து என்று தான் கருதும் எதையும் பாதுகாப்புச் சபையின் கவனத்துக்குக் கொண்டுவரலாம் என்கிறது அது. "கவனத்துக்குக் கொண்டுவந்தா, அவங்க கவனிக்கணுமா?" கவனிக்கலாம்; செய்ய வேண்டியதில்லை. அவள் வெகுநேரம் யோசித்துவிட்டு, முதலில் இரண்டு நாட்டுத் தலைவர்களோடும் தனியாகப் பேசுவேன், கடிதத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வேன் என்றாள். 1962-ல் கியூபா ஏவுகணை நெருக்கடியில் ஊ தாண்ட் கென்னடிக்கும் குருசேவுக்கும் தனித்தனியே செய்தி அனுப்பி அவகாசம் கேட்டதை ஆசிரியை இங்கே சொன்னார். சரியான இடத்தில் வந்தது.

பின்விளைவு

இதை ஒரு கதையில் எழுதியிருந்தால் யாரும் திட்டமிட்டது என்றுதான் சொல்வார்கள்: டிசம்பர் 6 அன்று, காசா போர் குறித்து குட்டெரெஸ் 99-வது பிரிவைக் குறிப்பிட்டுப் பாதுகாப்புச் சபைக்குக் கடிதம் எழுதினார். இரண்டு நாள் கழித்து மனிதாபிமானப் போர் நிறுத்தம் கேட்ட தீர்மானத்துக்கு 13 ஆதரவு, பிரிட்டன் விலகி நின்றது, அமெரிக்கா வீட்டோ. பொருளாதார அறிஞராக நடித்தவள் செய்தித்தாளைக் கத்தரித்து ஆசிரியையின் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். 13-க்கு மட்டும் பேனாவால் வட்டம் போட்டிருந்தாள். அமைச்சருக்கு விழுந்ததும் 13.

அதே இரண்டு கேள்விகளை ஜனவரியில் மறுபடி கொடுத்தோம். முதல் கேள்விக்குப் பெரும்பாலானவர்கள் பாதுகாப்புச் சபையைக் குறிப்பிட்டார்கள். இரண்டாவதற்கு "முடியாது" என்று எழுதியதோடு நிற்காமல் காரணமும் எழுதியிருந்தார்கள். சிலர் எதிர்முனைக்கே போய், பொதுச் செயலாளர் ஒன்றுக்கும் ஆகாதவர், ஐ.நா.வே வீண் என்று எழுதினார்கள். பீகிங்குக்குப் போன ஹாமர்ஷீல்டும், அவகாசம் கேட்ட ஊ தாண்டும், தேவனாம்பட்டினத்துத் தண்ணி டேங்க்கும் அந்தத் தாள்களில் இல்லை. இது எனக்குக் கவலை தந்த பகுதி. வீட்டோவுக்கு நாங்கள் கொடுத்த நேரம் மற்ற எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது.

ஆண்டுத் தேர்வு மதிப்பெண்ணில் இதனால் ஏற்றம் ஒன்றும் தெரியவில்லை. வழக்கமான நேர்க் கேள்விகளுக்குப் பட்டியல் மனப்பாடமே போதும்.

அடுத்த முறை மாற்றப்போவது

நேரம் முதலில். அக்டோபர் 24-ஐ விட்டுவிட்டு, ஆகஸ்டில் வைப்பது என்று ஆசிரியர்கள் இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள். மழை இல்லை, சட்டப்படிப் புதுச்சேரி கைமாறிய ஆகஸ்ட் 16-ஐ ஒட்டி வைத்தால் வரலாற்றுப் பகுதி தானாகவே அமையும். ஆனால் இரண்டு அமர்வுக்கும் நடுவே இடைவெளி இருந்தாக வேண்டும். இந்தமுறை அது மழை கொடுத்தது. இனி நாங்களே ஒரு வாரம் விடுவோம், பேரம் பள்ளி வளாகத்துக்குள், மதிய உணவு நேரத்தில் மட்டும்.

சுழற்சி உறுப்பினர் பத்துப் பேரில் பாதிக்கு மேல் வாயே திறக்கவில்லை. அவர்களுக்குக் கொடுத்த குறிப்பு ஒரு பத்திதான், நிரந்தர உறுப்பினர்களுக்கு இரண்டு பக்கம். அதைச் சமமாக்க வேண்டும். 1981 டிசம்பரில் முட்டுக்கட்டையை அவிழ்த்ததில் பெரும் பங்கு, அந்த மாதம் சபைத் தலைவராக இருந்த உகாண்டா தூதர் ஒலாரா ஒட்டுன்னுவுக்கு. அந்தத் தலைவர் பொறுப்பை அடுத்தமுறை ஒரு சிறிய நாட்டு மாணவருக்குத் தருவோம். இந்தமுறை அதை ஆசிரியையே வகித்தார்.

தேர்தலோடு நிறுத்தாமல், தேர்வானவருக்கு ஒரு முழு அமர்வு ஒதுக்க வேண்டும்: அகதி முகாம், தடுப்பூசி, சமரசப் பேச்சு, நிதி கொடுக்காத நாடு என்று அன்றாட வேலை. "வீண்" என்று எழுதிய பிள்ளைகளுக்காகவே இது. அந்த அமர்வில் முதல் ஆளாகப் பேச, தேவனாம்பட்டினத்துப் பையனின் ஆயாவை அழைக்கலாம் என்று ஆசிரியை சொல்கிறார். அவர் வருவதாகச் சொல்லிவிட்டார். மாலை நேரம் மட்டும் முடியாதாம், மீன் வியாபாரம்.

குட்டெரெஸின் இரண்டாம் பதவிக்காலம் 2026 டிசம்பர் 31-ல் முடிகிறது. அந்த ஆண்டு வகுப்பு, உண்மையான சோதனை வாக்கெடுப்புகள் நடக்கும்போதே இதை நடத்தும். பிரான்ஸ் இருக்கையைச் சீட்டுக் குலுக்கலில் சேர்ப்பதா, புதுச்சேரிக்கே விடுவதா என்பது மட்டும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.